தலையணை எத்தனை என்று கேட்டார்கள்

1

மூச்சு வாங்குகிறது என்று டாக்டரைப் பார்க்கப் போனால், டாக்டருக்கு முன்னால் ஒரு டேப்லெட் நம்மைப் பார்க்கிறது. விழுங்குகிற டேப்லெட் இல்லை, விரலால் தேய்க்கிற டேப்லெட். போன வருடக் கடைசியில், ஹூஸ்டனை ஒட்டிய சுகர் லேண்டில், என் வீட்டிலிருந்து பத்து நிமிடத்தில் போய்விடக்கூடிய ஒரு கிளினிக்கில், வரவேற்பறைப் பெண் அதை என் கையில் திணித்து ஒரு மூலையைக் காட்டினாள்.

வீட்டில் போதுமான உணவு இருக்கிறதா? தங்க நிலையான இடம் இருக்கிறதா? போக்குவரத்துக்கு வசதி உண்டா? உங்களுக்கு வேண்டியவர்களோடு வாரத்தில் எத்தனை முறை பேசுகிறீர்கள்? அவசரத்துக்குக் கூப்பிட ஆள் உண்டா? தனிமையாக உணர்கிறீர்களா: எப்போதும், அடிக்கடி, சில சமயம், ஒருபோதும் இல்லை?

நெஞ்சுக்குள் இருக்கிற இதயத்துக்கு வரும் நோயில் பாதி நெஞ்சுக்கு வெளியேதான் ஆரம்பிக்கிறது என்று இங்கே கண்டுபிடித்திருக்கிறார்கள். யாரோடு சாப்பிடுகிறோம், எவ்வளவு நேரம் காரில் உட்கார்கிறோம், யாரிடம் புலம்புகிறோம் என்பதெல்லாம் ரத்தக் குழாய் வரை போகிறதாம். நல்ல கண்டுபிடிப்புதான். ஆனால் பதில் எழுதுகிற ஆளைத்தான் அவர்கள் சரியாக எடை போடவில்லை.

நமக்குப் படிவம் என்றால் பரீட்சை. எல்.கே.ஜி. சேர்க்கையிலிருந்து விசா ஜன்னல் வரை அப்படித்தான் பழகியிருக்கிறோம். கேள்விக்கு எது உண்மையான பதில் என்று நாம் யோசிப்பதில்லை, எது சரியான பதில் என்றுதான் யோசிப்போம். படிவத்தில் தேவைக்கு மேல் ஒரு வார்த்தை எழுதியவன் கிரீன் கார்டு வாங்கியதாக நான் கேள்விப்பட்டதில்லை. பதினோரு வருடம் அந்த அட்டைக்காகக் காத்திருந்தவன் நான். உணவு உண்டு, இடம் உண்டு, வண்டி இரண்டு உண்டு, தினமும் பேசுகிறேன், ஆள் இருக்கிறது, தனிமை ஒருபோதும் இல்லை. இன்னொரு பக்கத்தில் சாப்பாட்டுக் கேள்விகள். டப்பா சூப்? இல்லை. பதப்படுத்திய பன்றி இறைச்சி? ஐயோ, இல்லை. பீட்ஸா, ஹாட் டாக், பொரித்த கோழி? இல்லை, இல்லை, இல்லை. ஊறுகாய், அப்பளம், மோர்மிளகாய் என்று எங்கேயும் கேட்கவில்லை. கேட்காத கேள்விக்குப் பதில் எழுதும் பழக்கம் எனக்கு இல்லை.

நூற்றுக்கு நூறு.

உள்ளே வந்த டாக்டர் என் மகளைவிட நான்கைந்து வயது பெரியவராக இருப்பார். என் விடைத்தாளைப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டிவிட்டு, "தூங்கும்போது எத்தனை தலையணை வைத்துக்கொள்கிறீர்கள்?" என்றார்.

இது என்ன கேள்வி என்று எனக்குப் புரியவில்லை. சொகுசை அளக்கிறார் போல என்று நினைத்துக்கொண்டேன். "ஒன்றுகூட இல்லை" என்றேன். சத்தியமான பதில். படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று மூன்று வாரமாக ஹாலில் இருக்கும் ரிக்ளைனர் நாற்காலியில் உட்கார்ந்தபடி தூங்கிக்கொண்டிருந்தேன். உட்கார்ந்து தூங்குகிறவனுக்குத் தலையணை எதற்கு?

"கால் வீக்கம்?"

"ஷூ புதுசு."

"நல்லது" என்று தட்டச்சு செய்தார். நெஞ்சுக்கு ஒரு ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிடலாம், அவசரம் இல்லை, ஐந்து வாரம் கழித்து நேரம் கிடைத்திருக்கிறது என்றார். பரீட்சை நன்றாக எழுதியிருப்பதன் பலன் என்று நானும் மகிழ்ச்சியாகக் காரை எடுத்தேன். அந்த ஐந்து வாரமும் எனக்கு நானே வாங்கிக்கொண்டது. ஒரு ஆளிடம், யாராவது ஒரே ஒரு ஆளிடம், உள்ளதைச் சொல்லியிருந்தால் தேதி முன்னால் வந்திருக்கும்.

2

ஒரு நாளில் நாற்காலிக்குப் போய்விடவில்லை. முதலில் ஒரு தலையணை போதாமல் இரண்டாவது வந்தது. இரண்டு வாரத்தில் மூன்றாவது. விருந்தினர் அறையிலிருந்து நான்காவது. அதற்கு மேல் அடுக்கினால் தலையணைகள் சரிந்தன, நானும் கூடவே சரிந்தேன். பிறகுதான் ரிக்ளைனர்.

காரணம் எனக்குத் தெளிவாகத் தெரியும்: கேஸ். கழுத்துக்குக் கீழே, இடுப்புக்கு மேலே நம்மவர்களுக்கு என்ன நடந்தாலும் அது கேஸ்தான். என் அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தபோதும் முதலில் கேஸ் என்றுதான் சொன்னார். அதனால் கேஸுக்கு உரிய வைத்தியத்தை ஆரம்பித்தேன். மோரைக் கடைந்து, பெருங்காயமும் கறிவேப்பிலையும் போட்டு, உப்பைத் தாராளமாகக் கரைத்து, நாளைக்கு ஆறு டம்ளர். சர்க்கரைக்குப் பயந்து காப்பியில் இனிப்பை விட்டுப் பத்து வருடம் ஆகிறது. நம்மவர்கள் பயப்படுவது அந்த ஒன்றுக்குத்தான். உப்பைப் பற்றி யாரும் என்னிடம் ஒரு வார்த்தை தப்பாகப் பேசியதில்லை.

மனைவி மாலதி எங்கே என்று கேட்பீர்கள். நான்கு வருடமாகக் கலிபோர்னியாவில், குபெர்டினோவில் இருக்கிறாள். ஹூஸ்டனில் அவள் வேலை பார்த்த பிரிவையே ஒரு நாள் மூடினார்கள். நாலு மாதம் தேடியதில் கிடைத்தது அங்கேதான். "ஆறு மாசம்தாங்க, அப்புறம் வீட்ல இருந்தே பாக்க விட்டுருவாங்க" என்று இரண்டு பெட்டியோடு கிளம்பினாள். ஆறு மாதம் கழித்து, வீட்டிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தவர்களையும் ஆபீஸுக்கு வரச் சொல்லிவிட்டார்கள். எனக்கு எண்ணெய்க் குழாய் வடிவமைக்கிற வேலை, அதை ஹூஸ்டனை விட்டு நகர்த்த முடியாது. மகள் நித்யா நியூ ஜெர்சியில் வேலை பார்க்கிறாள். ஆக, மூன்று பேர், மூன்று மாநிலம், மூன்று ரைஸ் குக்கர். நான் இருப்பது நான்கு பெட்ரூம் வீடு.

ஈரோட்டில் நான் வளர்ந்தது லைன் வீட்டில். எட்டுக் குடித்தனம், நடுவில் பொதுச் சுவர். அப்பா இருமினால் மூன்றாவது வீட்டில் எண்ணிக்கொண்டிருப்பார்கள். "ஏனுங், காலைல இருந்து ஒன்பது தடவ இருமிட்டீங்க" என்று ஆள் வந்து நிற்கும். அப்பா சாய்ந்த அன்றைக்கு, அவர் கேஸ் என்று சொல்லி முடிப்பதற்குள் நாலு பேர் அவரைத் தூக்கியாகிவிட்டது. அதில் ஒருவர் அப்பாவோடு தண்ணீர்க் குழாய் விவகாரத்தில் இரண்டு வருடமாகப் பேசாதவர். அப்போதும் பேசவில்லை, பேசாமலேயே தூக்கினார். அப்பா அதற்குப் பிறகு பதினான்கு வருடம் இருந்தார்.

அந்த மனிதர்களின் தொல்லை தாங்காமல், எனக்கென்று ஒரு கதவு, அதற்கு ஒரு தாழ்ப்பாள் வேண்டும் என்று ஆசைப்பட்டு நான் இந்த நாட்டுக்கு வந்தேன். பொய் சொல்ல விரும்பவில்லை, கதவு கிடைத்தது. பின்பக்கம் இன்னொரு கதவும், கராஜுக்கு ஒரு கதவும்கூடக் கிடைத்தன.

3

"தினமும் பேசுகிறேன்" என்று டேப்லெட்டில் எழுதியது பொய் இல்லை. மாலதியோடு தினமும் பேசுவேன். அந்தப் பேச்சை இங்கே அப்படியே தருகிறேன்.

"சாப்டீங்களா?"

"ஆச்சு. நீ?"

"ஆச்சு. என்ன செஞ்சீங்க?"

"சாம்பார், பீன்ஸ் பொரியல்." தயிர் சாதமும் மாவடுவும்.

"வாக்கிங் போறீங்களா?"

"தினமும் ரெண்டு மைல்." தபால் பெட்டி வரை.

"பிரஷர் மாத்திரை?"

"கரெக்டா போடறேன்." தலை வலித்தால் போடுவேன். ஊரிலிருந்து வந்த சித்தப்பா பையன் ஒரு டப்பா கொண்டுவந்து கொடுத்திருந்தான், சிக்கனமாக இரண்டு வருடமாக வருகிறது.

"குரல் என்னமோ மாதிரி இருக்கே?"

"சிக்னல்."

"சரி வெச்சிடறேன்."

இதில் யார் யாரை ஏமாற்றினோம் என்று சொல்வது கஷ்டம். அவளுக்கு இன்னொரு வேலை கிடைக்க வயது ஒத்துழைக்காது. எனக்கு ஒன்று என்று தெரிந்தால் அடுத்த விமானத்தில் ஏறி விடுவாள், ஏறினால் வேலை போகும். அப்புறம் அதற்கும் சேர்த்து எனக்கு மூச்சு வாங்கும். இப்படி ஒரு தியாக வியாக்கியானம் என்னிடம் தயாராக இருந்தது. உண்மையில், "எனக்கு உடம்பு சரியில்லை, வா" என்பதை எந்தத் தொனியில் சொல்வது என்று மறந்துபோயிருந்தது. அவ்வளவுதான்.

மகள் ஞாயிற்றுக்கிழமைகளில் கூப்பிடுவாள். "ஹாய் அப்பா, ஆல் குட்?" என்பாள். "நல்லாருக்கேன் கண்ணு, நீ சாப்டியா?" என்பேன். "யா, யா. ஓகே, காட்டா கோ, லவ் யூ." அவளுக்குத் தமிழ் நன்றாகப் புரியும், பதில் மட்டும் அந்த மொழியில் வராது. அவள் மேல் குறை இல்லை. 'எல்லாம் நல்லாருக்கு' என்பதை எந்த மொழியில் சொன்னால் என்ன, அதை அவள் எங்களிடம்தான் கற்றாள்.

ஒரே ஒரு தடவை சொல்லிவிட நெருங்கினேன். ஹூஸ்டனுக்கு மேற்கே கேட்டி என்கிற ஊரில் இருக்கும் செந்தில் என் கல்லூரித் தோழன். டெக்சாஸில் என்னை 'டேய்' என்று கூப்பிடும் ஒரே ஆள். அவனுக்கு ஐம்பத்தைந்து முடிந்ததற்கு விருந்து. முக்கால் மணி நேரம் ஓட்டிப் போய் இறங்கினால், அவன் மனைவி கவிதா வாசலிலேயே, "அட, சந்துரு அண்ணா! முகமெல்லாம் பூசினாப்ல தெளிவா இருக்கீங்க! தனியா இருந்தாலும் நல்லா சமைச்சு சாப்பிடறீங்கன்னு தெரியுது" என்றாள். அது நீர் கோத்த வீக்கம். எனக்கும் அப்போது தெரியாது, அவளுக்கும் தெரியாது. "உங்க வீட்டு ரெசிப்பிதான்" என்று பாராட்டை வாங்கி வைத்துக்கொண்டேன்.

சாப்பாட்டுக்குப் பிறகு செந்தில் என்னைப் பின்கட்டுக்குத் தள்ளிக்கொண்டு போனான். இதுதான் சமயம் என்று நான் வாயைத் திறந்தேன்.

"டேய் செந்தில், ஒண்ணு சொல்லணும்டா."

"நானும்தான்டா. நான் முதல்ல சொல்லிடறேன். செவ்வாய்க்கிழமை லேஆஃப் லிஸ்ட் வருது. என் பேரு இருக்கும்னு நினைக்கறேன். கவிதாகிட்ட இன்னும் சொல்லல. யாருகிட்டயும் சொல்லல. நீயும் சொல்லிடாத."

நான் அரை மணி நேரம் அவனுக்குத் தைரியம் சொன்னேன். பிறகு, "நீ என்னமோ சொல்லணும்னியே?" என்றான்.

"பிரியாணி நல்லா இருந்துச்சுன்னு சொல்ல வந்தேன்" என்றேன்.

4

ஸ்கேனுக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது. ஒரு சனிக்கிழமை காலையில் இந்தியன் கடையிலிருந்து இருபது பவுண்டு பொன்னி அரிசி மூட்டையோடு வந்து இறங்கினேன். காரிலிருந்து சமையலறைக்குப் பன்னிரண்டு அடி. ஏழாவது அடியில் கராஜ் தரையில் உட்கார்ந்துவிட்டேன். மூட்டை மடியில் இருந்தது. காற்று என்னைச் சுற்றி நிறைய இருந்தது, உள்ளேதான் வரவில்லை.

திறந்திருந்த கராஜ் கதவு வழியாக எதிர்வீட்டுக்காரர் தெரிந்தார். புல்லுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். பதினாறு வருடப் பழக்கம், கையசைக்கிற அளவுக்கு. என்னைப் பார்த்துக் கையை உயர்த்தி, "அருமையான நாள், இல்லையா?" என்று கத்தினார்.

"ஆமாம், அருமை!" என்று நானும் கையை உயர்த்தினேன். அரிசி மூட்டையைக் கட்டிப்பிடித்தபடி தரையில் உட்கார்ந்திருப்பது எங்கள் பக்கத்து வழிபாடாக இருக்கும் என்று நினைத்திருப்பார்.

ஆம்புலன்ஸைக் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிட்டால் சைரனோடு வரும், தெருவே ஜன்னலுக்கு வரும், அதற்குப் பிறகு அந்தத் தெருவில் எப்படிக் குடியிருப்பது? பத்து நிமிடம் உட்கார்ந்துவிட்டு நானே ஓட்டிக்கொண்டு போனேன். ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிடும் இடத்தில் நிறுத்தக் கூடாது என்று பலகை இருந்ததால், கார் நிறுத்தும் கட்டடத்தின் மூன்றாவது தளத்தில், இரண்டு கோடுகளுக்கு நடுவே ஒழுங்காக நிறுத்தி, பூட்டி, நடந்து வந்தேன். செத்தாலும் அபராதச் சீட்டு வாங்கக் கூடாது.

கவுண்டரில் பெயர் கேட்டார்கள். சந்திரசேகரன். அன்றைக்கு அது மிக நீளமான பெயராக இருந்தது. இரண்டு இடத்தில் நிறுத்தி மூச்சு வாங்கிச் சொன்னேன். அதற்குமேல் யாரும் என்னிடம் எதையும் நிரப்பச் சொல்லவில்லை. படுக்க வைத்து, மூக்கில் குழாய் மாட்டி, மார்பில் வயர் ஒட்டினார்கள்.

நர்ஸின் பெயர் லிசி. ஐம்பது வயதிருக்கும். கோட்டயத்துக்காரர். என் பெயரைப் படித்துவிட்டு, "தமிழா?" என்றார். "நான் கோயமுத்தூர்ல ஆறு வருஷம் வேலை பார்த்ததாக்கும். சொல்லுங்க சாரே, எத்தனை தலகாணி வெச்சு ஒறங்கறீங்க?"

"ஒண்ணுகூட இல்லைங்க."

"கட்டில்லயா?"

அந்தக் கேள்விக்கு நான் தயாராக வரவில்லை.

"கட்டில்ல தானா ஒறங்கறது?" என்று மறுபடி கேட்டார்.

"ரிக்ளைனர்ல."

"ஆ, அப்படிச் சொல்லு! கோயமுத்தூர்லயும் இதே கதைதான். தலகாணியே இல்லைம்பாங்க, கேட்டா ஈஸிசேர்ல குத்த வெச்சு உக்காந்திருப்பாங்க. எத்தனை நாளாச்சு?"

"ரெண்டு மாசம்."

"என்னன்னு நினைச்சீங்க?"

"கேஸ்."

"கேஸுக்கு என்ன சாப்பிட்டீங்க?"

"பெருங்காய மோர்."

"உப்புப் போட்டா?"

"உப்பில்லாம மோர் எப்படிங்க?"

"நாளைக்கு எத்தனை கிளாஸ்?"

"ஆறு."

பேனாவைக் கீழே வைத்தார். "தொட்டுக்க?"

"மோர்மிளகாய்."

"என்ட மாதாவே!" என்று தன் நெற்றியைத் தொட்டுக்கொண்டார். பிறகு எல்லாவற்றையும் விளக்கினார். இதயம் தள்ள வேண்டியதைத் தள்ள முடியாமல் போனால் நீர் தேங்குகிறது. நிற்கும்போது காலில், படுக்கும்போது நுரையீரலில். அதனால்தான் தலையணை எண்ணிக்கை. உப்பு அந்த நீரைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. அதாவது, கீழே வெள்ளம் வடியாமல் நின்றிருக்க, இரண்டு மாதமாக மேலேயிருந்து நான் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். தினமும் ஆறு டம்ளர். கறிவேப்பிலையோடு.

மத்தியானம் ஸ்கேன் எடுத்தார்கள். இதய டாக்டர் வந்தார். ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் வெளியே தள்ளும் ரத்தத்துக்கு ஒரு கணக்கு உண்டாம், எனக்கு நூற்றுக்கு முப்பத்தைந்து என்றார்.

"பாஸ்" என்றேன், என்னை அறியாமல்.

அவருக்குப் புரியவில்லை. ஐம்பதுக்கு மேல் இருக்க வேண்டும் என்றார். பல வருடமாக ஏறியிருந்த ரத்த அழுத்தத்தை யாரும் கவனிக்கவில்லை, அது இதயத்தைக் களைக்க வைத்துவிட்டது, உங்கள் பக்கத்து மக்களுக்கு இதயத் தொல்லை கொஞ்சம் சீக்கிரமே வருகிறது, அதனால் நீங்கள் முன்னாலேயே வந்திருக்க வேண்டும் என்றார். மாத்திரையும் ஓய்வும் சரியாக இருந்தால் தேறலாம், நிச்சயமாகச் சொல்ல முடியாது. வீட்டில் கூட ஒரு ஆள் இருந்தாக வேண்டும் என்று சொல்லிவிட்டு அடுத்த படுக்கைக்குப் போனார்.

"வீட்ல யாரு இருக்காங்க?" என்று லிசி கேட்டார்.

"வீடு பெருசுங்க. நாலு பெட்ரூம்."

"வீட்டை யாரு கேட்டா சாரே?"

நான் மாலதியின் எண்ணைக் கொடுத்தேன். "ஆனா இப்பச் சொல்ல வேண்டாங்க. திங்கக்கிழமை அவளுக்கு ஆபீஸ்ல முக்கியமான வேலை இருக்கு."

"பின்ன எனக்கு நம்பர் எதுக்கு? அழகு பார்க்கவா?" என்று என் போனை எடுத்து என் கையிலேயே கொடுத்தார். "நீங்க சொல்லுங்க. இல்லைன்னா 'நீ சொல்லு'ன்னு எனக்குச் சொல்லுங்க. ரெண்டுல ஒண்ணு."

மாலதி இரண்டாவது மணியில் எடுத்தாள்.

"என்னங்க இந்த நேரத்துல?"

"ஒண்ணுமில்ல. சும்மா ஒரு செக்கப்புக்கு வந்தேன்."

"சனிக்கிழமையா?"

"ஆமா, இங்க எல்லா நாளும்தான்…" என்று நான் ஆரம்பிக்கும்போது மார்பு வயர் கழன்று பின்னால் இயந்திரம் கத்தியது. "அது என்ன சத்தம்?" என்றாள் மாலதி. நான் லிசியைப் பார்த்துத் தலையாட்டினேன். என் வாழ்நாளிலேயே யோசிக்காமல் போட்ட கையெழுத்து அந்தத் தலையாட்டல்தான். அவர் போனை வாங்கி, "மேடம், நான் நர்ஸ் பேசறது. பயப்பட வேண்டாம். ஆனா வரணும்" என்றார்.

5

மறுநாள் காலை மாலதி விமான நிலையத்திலிருந்து நேரே ஆஸ்பத்திரிக்கு வரவில்லை. எனக்கு மாற்றுத்துணி எடுக்க முதலில் வீட்டுக்குப் போயிருக்கிறாள். அதுதான் என் போதாத காலம். ஹாலில் ரிக்ளைனர், அதன் மேல் போர்வை, பக்கத்தில் ஸ்டூல், ஸ்டூலில் சொம்பு. படுக்கையறையில் என் பக்கத்தில் நான்கு தலையணைகளின் அடுக்கு. அவள் பக்கத்தில் விரிப்பு, அவள் கடைசியாக மடித்த மடிப்புக் கலையாமல்.

வந்தவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் எளிதாக இருந்திருக்கும். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"எப்ப இருந்து அடுக்க ஆரம்பிச்சீங்க?"

"தீபாவளிக்கு முன்னாடி."

"நான் பக்கத்துல படுத்திருந்தா ரெண்டாவது தலகாணியிலயே தெரிஞ்சிருக்கும்."

இருபத்தெட்டு வருடக் குடித்தனத்தில் அவள் என்னிடம் நிறையப் பேசியிருக்கிறாள். மறக்காமல் நிற்பது இந்த ஒரு வாக்கியம்தான். ஒரு மனிதனுக்குப் பக்கத்தில் இன்னொருவர் படுத்திருப்பது எதற்கு என்று எத்தனையோ விதமாக எழுதி வைத்திருக்கிறார்கள். தலையணையை எண்ணுவதற்கு என்று எவரும் எழுதவில்லை.

"சொன்னா நீ வேலைய விட்டுட்டு வந்துருவேன்னு…"

"வருவேனா மாட்டேனான்னு நான்ல சொல்லணும்? என் பதிலையும் நீங்களே எழுதிக்கறதா?" என்றாள். பிறகு, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "போன மார்ச்ல எனக்குக் கடவாப்பல்லு பிடுங்கினாங்க. ஒரு பக்கம் மரத்துப்போயி, வாயில பஞ்சோட நானே காரை ஓட்டிட்டு வந்தேன். அன்னிக்கும் நீங்க போன் பண்ணீங்க. என்னமோ மாதிரி பேசறேன்னு கேட்டீங்க. சிக்னல்னு சொன்னேன்" என்றாள்.

"நீயுமா?"

"பின்ன, உங்களுக்கு மட்டுந்தான் சிக்னல் கிடைக்காதா?"

நாங்கள் சிரித்தோம். எனக்குச் சிரிப்பதற்கு அவ்வளவு காற்று இல்லை. அதனால் அவளே எனக்கும் சேர்த்துச் சிரித்துவிட்டு, எனக்கும் சேர்த்து அழுதாள்.

நித்யா வீடியோவில் வந்தாள். "ஒய் டிட்ன்ட் யூ டெல் மீ?" என்றாள். அவள் முகம் சிவந்திருந்தது. நான் வழக்கப்படி, "நீ சாப்டியா கண்ணு?" என்றேன். "ஸ்டாப் இட், அப்பா!" என்று கத்தினாள். பிறகு, எங்கேயோ தேடி எடுத்ததுபோல், "சொல்லுங்கப்பா" என்றாள். உச்சரிப்பு மோசம். நான் அதைத் திருத்தவில்லை.

நீர் மாத்திரையில் ஐந்து நாளில் பதினாறு பவுண்டு இறங்கியது. கவிதா பாராட்டிய தெளிவெல்லாம் போய், எனக்கு உரிய முகம் மிச்சமிருந்தது. ஆறாவது நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். மாலதி இரண்டு வாரம் லீவு போட்டிருந்தாள், அதற்கு மேல் தரமாட்டார்கள். எனக்கு ஆபீஸில் மூன்று மாத மருத்துவ விடுப்பு கிடைத்தது. அப்படியானால் இங்கே ஏன் இருக்க வேண்டும் என்று அவள்தான் கேட்டாள். இருபது வருடமாக, வீடு இருக்கிறது, ஸ்கூல் இருக்கிறது, வேலை இருக்கிறது என்று நாங்கள் சுகர் லேண்டை விட்டு நகராததற்கு எத்தனையோ காரணம் வைத்திருந்தோம். அன்றைக்கு ஒன்றைக்கூடத் தேடி எடுக்க முடியவில்லை.

6

குபெர்டினோவில் மாலதியின் அபார்ட்மென்ட் இரண்டாவது மாடியில். லிஃப்ட் கிடையாது. நான்கு வருடத்தில் நான் அங்கே வந்து தங்கியது மொத்தமாக ஒரு மாதம்கூட இருக்காது. அப்போதெல்லாம் அந்தப் படிகளை நான் கவனித்ததில்லை.

"மெதுவா ஏறலாம்னு டாக்டர் சொல்லியிருக்கார். மெதுவான்னா மெதுவாத்தான்" என்றாள். நான் பெட்டியைத் தொடப் போனேன். "தொட்டீங்கன்னா இங்கயே விட்டுட்டுப் போயிடுவேன்." இரண்டு பெட்டியையும் அவளே தூக்கிக்கொண்டு முன்னால் ஏறினாள். மேலே கதவு திறக்கும் சத்தம் கேட்டது.

முதல் வளைவு வரை சரியாகத்தான் வந்தேன். அதற்கு மேல் மூன்றாவது படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். துணிக்கூடையோடு ஒரு பெண் மேலேயிருந்து இறங்கி வந்தாள். என்னைப் பார்த்ததும் தயங்கி, "நன்றாக இருக்கிறீர்களா?" என்றாள்.

"பிரமாதம், நன்றி. நீங்கள்?" என்றேன். இருபத்தைந்து வருடப் பயிற்சி. அவள் திருப்தியாக இறங்கிப் போனாள்.

மேலேயிருந்து மாலதியின் குரல். "ஏங்க? ஏன் நின்னுட்டீங்க?"

வாயில் பதில்கள் வரிசையாக வந்து நின்றன. ஷூ லேஸ் அவிழ்ந்துவிட்டது. ஆபீஸிலிருந்து மெசேஜ். இங்கேயிருந்து மலை தெரிகிறது. ஒவ்வொன்றும் நல்ல பதில், ஒவ்வொன்றையும் அவள் ஏற்றுக்கொண்டு உள்ளே போய் அடுப்பைப் பற்ற வைத்திருப்பாள்.

"முடியல மாலு" என்றேன்.

பிறகு அவள் இறங்கி வருவது கேட்டது. வந்து, எதுவும் கேட்காமல், அந்தப் படியிலேயே உட்கார்ந்து என்னையும் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். இரண்டு பேர் உட்காரப் போதாத படி. என் தோள் சுவரிலும் அவள் தோள் என் மேலும் இடித்தது. அவளுக்கும் மூச்சு வாங்கியது. இரண்டு பெட்டி தூக்கினால் வாங்காதா என்று நினைத்துக்கொண்டேன். அது அடங்கக் கொஞ்சம் நேரம் ஆனது. நான் எதிர்பார்த்ததைவிட அதிக நேரம்.

"நானும் இந்தப் படியிலதான் நிப்பேன்" என்றாள், எனக்கு ஆறுதல் சொல்கிற குரலில். "தினமும்."

நான் திரும்பி அவள் முகத்தைப் பார்த்தேன். "எதுக்கு நிப்பே?"

"சும்மாதான்."

பின்பாக்கெட்டில் அவளுடைய கார் சாவி குத்துகிறது என்று எழுந்திருக்கப் பார்த்தாள். நான் கையை விடவில்லை.

"உக்காரு" என்றேன். "முழுசாச் சொல்லு."